பாசி தின்னும் கடல் முயல்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

பவளத் தொட்டியில் பாசி மண்டினால் ஓடில்லாக் கடல் நத்தைகளை வாங்குகிறோம். எல்லா வகையும் பாசி தின்பதில்லை. முயல் காதுபோல் இரு உணர்கொம்புகளும் பருத்த உடலும் உள்ள கடல் முயல் இழைப்பாசியை மேயும். இலைபோல் பச்சையான எலிசியா, பாசியின் சாற்றை உறிஞ்சும். முதுகில் செவுள்கள் பூப்போல் விரிந்திருந்தால் அது கடற்பஞ்சு போன்றவற்றைத் தின்னும் இனம். தொட்டியில் பட்டினியால் மடியும்.

கடல் முயல் மிரண்டால் ஊதா மை கக்கும். பம்பின் வாயை வலையால் மூட வேண்டும். தாமிரம் கலந்த மருந்து கூடாது. பாசி தீர்ந்தால் நோரித் தாள் கொடுக்கலாம்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எடுக்கக் கூடாது. கடல் அட்டை வேறு உயிர். அதைப் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தொடர்ந்து உணவளிக்க முடியுமா என்று யோசித்த பிறகே வாங்குவோம்.