லோடு கணக்கு

குடுமியான்மலைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இசைக் கல்வெட்டைப் பார்க்க வருகிறார்கள். பாறையில் வெட்டிய ஏழாம் நூற்றாண்டுச் சுரக் குறிப்புகள். பார்த்துவிட்டு, சிகாநாதசுவாமி கோயிலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, சித்தன்னவாசலுக்கு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். இந்தப் பகுதிப் பாறைகளை உடைத்து ஜல்லியாக்கிய பெண்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முப்பது வருடத்துக்கு முன்பு இந்தியா முழுக்கப் பேசப்பட்ட கதை அவர்களுடையது.

சாலை, அணை, குடிநீர் என்று வளர்ச்சித் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் பன்னாட்டு வங்கிகள், குழந்தை உழைப்பும் கட்டாய உழைப்பும் கூடாது என்று இப்போது விதியாகவே எழுதி வைத்திருக்கின்றன. நல்ல விதிகள். ஆனால் அவற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் மாவட்டத்துக் கல்குவாரிகள்தான் நினைவுக்கு வரும். விதி எங்கே பார்க்கிறது, விலங்கு எங்கே இருக்கிறது என்ற வித்தியாசத்தை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

*

முதலில் ஒரு சொல். "வெட்டிப் பேச்சு", "வெட்டியா சுத்துறான்" என்று தினமும் சொல்கிறோம். வெட்டி என்றால் பயனற்றது. ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்பது ஒரு கடமை. ஊர்க்காரர்கள் கூலியில்லாமல் செய்துதர வேண்டிய வேலை, முக்கியமாக நீர்ப்பாசன வேலை. கூலி இல்லாத வேலை பயனற்ற வேலை என்று பின்னால் வந்தவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள் போல. ஒரு கட்டாய உழைப்பு முறை முழுக்க நம் பேச்சில் ஒரு கேலிச் சொல்லாகச் சுருங்கிக் கிடக்கிறது.

பொதுப்பணியும் கட்டாய உழைப்பும் ஆதியிலிருந்தே ஒட்டிப் பிறந்தவை. மழையை நம்பிய ஆயிரக்கணக்கான கண்மாய்கள் இருக்கும் புதுக்கோட்டை மாதிரி ஊரில் இதைப் புரிந்துகொள்வது சுலபம். கரை உடைந்தால் ஊரே மண்வெட்டியோடு போக வேண்டும். போகாமல் இருக்க முடியாதவர் யார், போகாமலே தண்ணீர் பாய்ச்சிக்கொள்பவர் யார் என்பதுதான் கேள்வி. பிரிட்டிஷ் அரசு மதராஸ் மாகாணத்தில் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் என்ற பெயரிலேயே ஒன்றைக் கொண்டுவந்தது. கரை உடைப்பை அடைக்க ஆட்களைக் கட்டாயப்படுத்தி அழைக்கலாம் என்றது அது. 1930இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு எதிராக 29ஆம் உடன்படிக்கையை உருவாக்கியபோதும், ஊருக்கான சிறு பொதுப்பணிகளுக்கு விலக்கு வைத்தது. இந்தியா அதை 1954இல் ஏற்றது. "ஊர் நன்மைக்கு" என்று சொல்லி வாங்கும் உழைப்பைத் தொடும்போது எல்லாச் சட்டமும் கொஞ்சம் தயங்கும்.

*

இனி குவாரி. பாறை அரசுடையது. அரசு குத்தகைக்கு விடும். அதிகம் கேட்பவர் ஏலம் எடுப்பார். அவருக்குக் கீழே உள் ஒப்பந்தம், அதற்குக் கீழே மேஸ்திரி. மேஸ்திரிதான் கல் உடைக்கும் குடும்பத்துக்குத் தெரிந்த முதலாளி. கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி என்று வந்தால் முன்பணம் கொடுப்பவர் அவர். அது கழியும்வரை வேறு குவாரிக்குப் போகக் கூடாது. அது கழிவதும் இல்லை.

ஏன் கழிவதில்லை என்பதற்கு ரகசியம் ஒன்றும் கிடையாது. கூலி நாளுக்கு அல்ல, லோடுக்கு. வெடி வைத்துப் பெயர்த்த பாறையைச் சம்மட்டியால் சக்கையாக்கி, சக்கையைச் சுத்தியலால் ஒன்றரை இஞ்சு, முக்கால் இஞ்சு ஜல்லியாக உடைத்துக் குவிக்க வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட். குவியலை அளப்பவர் வாங்குபவர். லாரியில் எத்தனை யூனிட் ஏறியது என்று சொல்பவரும் அவர். லோடுக்கு என்ன விலை, முன்பணத்தில் எவ்வளவு பிடித்தம் என்று நோட்டில் எழுதுபவரும் அவரே. உடைத்தவருக்கு அந்த நோட்டை வாசிக்கத் தெரியாது.

பல வருடம் கல் உடைத்த ஒரு ஆத்தாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். "எம்புட்டு கடன்னு தெரியுமா ஆத்தா?" என்று கேட்டேன். "அது அவுகளுக்குத்தான் தெரியும் தம்பி. எங்களுக்குத் தெரிஞ்சது கல்லுதான்" என்றார்.

குழந்தை உழைப்பு இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. நாள் கூலியாக இருந்தால் குழந்தைக்கும் ஒரு கூலி தர வேண்டியிருக்கும், பதிவேட்டில் ஒரு பெயர் ஏறும். லோடு கூலியில் அந்தத் தொல்லை இல்லை. அப்பா பெயரில் ஒரு லோடு. அதை அம்மா எவ்வளவு உடைத்தாள், பத்து வயதுப் பெண் எவ்வளவு பொறுக்கிச் சேர்த்தாள் என்பது யாருக்கும் தேவைப்படாத தகவல். குழந்தையை வேலைக்கு வையென்று முதலாளி ஒருநாளும் சொல்ல வேண்டாம். லோடு விலையைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் போதும்.

செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு, உப்பளத்தில், தறியில், எங்கெல்லாம் துண்டுக்கூலியும் முன்பணமும் சேர்கிறதோ அங்கெல்லாம் இதே கதைதான். 1995இல் உச்சநீதிமன்றம் அமைத்த ஆணையம் தமிழ்நாட்டில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக மதிப்பிட்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்து அப்போது ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

*

இந்தியச் சட்டத்துக்கு இந்த விஷயம் புரியாமல் இல்லை. சொல்லப்போனால் உலக வங்கிக்கு முன்பே புரிந்திருந்தது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு மேம்பாலங்களும் அரங்குகளும் அவசர அவசரமாகக் கட்டப்பட்டன. அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஜமேதார்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டு 8.25 கொடுத்தார்கள். மக்கள் ஜனநாயக உரிமைகள் சங்கம் வழக்குப் போட்டது. நீதிபதி பி.என். பகவதியின் தீர்ப்பு, சங்கிலியும் சாட்டையும் இருந்தால்தான் கட்டாயம் என்பதில்லை, பசியும் கட்டாயம்தான் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் வேலை செய்தால் அது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு. கட்டுமானம் ஆபத்தான தொழில், ஆகவே 14 வயதுக்குக் குறைந்தவர்களை வைக்கக் கூடாது என்றும் சொன்னது.

அடுத்த ஆண்டு, பஞ்ச நிவாரண வேலை என்று சொல்லிக் குறைத்துக் கொடுப்பதும் செல்லாது என்று ராஜஸ்தான் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதே 1983 டிசம்பரில் ஃபரீதாபாத் கல்குவாரிகள் பற்றிய பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கு. ஒருவர் கட்டாயத்தில் வேலை செய்கிறார் என்று தெரிந்தால், முன்பணத்துக்காகத்தான் செய்கிறார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. நோட்டு யார் கையில் இருக்கிறது என்று யோசித்த தீர்ப்பு அது.

*

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் நடந்தது இதற்கு அடுத்த படி. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அறிவொளி இயக்கம் மாவட்டம் முழுக்கப் பரவிய காலம். பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை பி. சாய்நாத் எழுதி உலகம் அறியும். அவர் எழுதிய இன்னொரு பகுதி குவாரிப் பெண்களைப் பற்றியது. கொத்தடிமைகளாகக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களைக் குழுக்களாக்கி, அவர்கள் உடைத்த குவாரிகளையே அவர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். குழுக்கள் அமைந்தது டுவாக்ரா திட்டத்தின் கீழ். 1982இல் யுனிசெஃப் உதவியோடு மத்திய அரசு தொடங்கிய கிராமப் பெண்கள் திட்டம் அது. அறிவொளிப் பெண் ஊழியர்களுக்கு ஐம்பது மொபெட்டுகள் கொடுத்ததும் யுனிசெஃப்தான். பன்னாட்டுப் பணம் எங்கள் குவாரிப் பக்கம் வந்த வழி இது. பெரிய பணம் இல்லை.

மாறியது என்ன? சம்மட்டி அதேதான், வெயிலும் அதேதான். ஆனால் லோடை அளப்பவர் மாறினார். குத்தகை உங்கள் குழுவின் பெயரில் என்றால் லாரிக்காரன் உங்களிடம் விலை கேட்க வேண்டும். லோடுகளை எண்ணி, நோட்டில் எழுதி, பணத்தைப் பிரிக்க ஆள் வேண்டும். அதற்கு அறிவொளி வகுப்பு. அடுத்த குவாரியில் என்ன விலை போகிறது என்று பார்த்துவர சைக்கிள். எழுத்தறிவும் சைக்கிளும் குத்தகையும் மூன்று தனித்தனித் திட்டங்களாக நமக்குத் தெரிகின்றன. குவாரியில் அவை ஒரே கணக்கின் மூன்று வரிகள். இடைத்தரகருக்குப் போன பணம் கூலியாகத் திரும்பியபோது, பிள்ளையைக் கல் பொறுக்கவைக்கும் நெருக்கடியும் தளர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பென்று யாரும் வந்து உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஒப்பந்ததாரர்கள் சும்மா இருப்பார்களா? இருக்கவில்லை. ஆட்சியர்கள் மாறுவார்கள், ஏலம் விட்டால் அரசுக்கு வருமானம் என்ற வாதம் எப்போதும் தயாராக இருக்கும். பிறகு கிரஷர் வந்து கை ஜல்லியின் காலமே போய்விட்டது. இதைத் தோல்விக் கதை என்று சொல்ல எனக்கு மனமில்லை. முடிச்சு எங்கே இருக்கிறது என்று காட்டிய கதை என்பேன்.

*

இப்போது வங்கிகளுக்கு வருவோம். உலக வங்கி 1989இல் தேசியப் பட்டு வளர்ப்புத் திட்டத்துக்குக் கடன் கொடுத்தது. அந்தத் தொழிலின் மையம் கர்நாடகம். அங்கே முன்பணத்துக்கு அடகு வைக்கப்பட்ட குழந்தைகள் கொதிநீரில் கைவிட்டுக் கூடுகளைத் தடவிக்கொண்டிருந்ததை 1996இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை எழுதியது. அந்த நாட்களில் வங்கியின் பாதுகாப்புக் கொள்கைகளில் காடு இருந்தது, அணைப் பாதுகாப்பு இருந்தது, கட்டாய இடப்பெயர்வு இருந்தது. தொழிலாளர் நிலை என்று தனிக் கொள்கை இல்லை. எங்கள் மாவட்டக் கடற்கரையோரம் கட்டுமாவடி, மீமிசல் வழியாகப் போகும் சாலையை மேம்படுத்திய தமிழ்நாடு சாலைத் துறைத் திட்டத்துக்கு 2003இல் கடன் கொடுத்தபோதும் இல்லை. அதே குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2006இல் கொண்டுவந்தது. உலக வங்கி 2016இல் ஒப்புதல் தந்து 2018 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்தியது.

அந்த விதி நேரடித் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், ஊர்மக்கள் தரும் உழைப்பு, முதன்மை விநியோகஸ்தரின் தொழிலாளர் என்று நான்காகப் பிரிக்கிறது. நான்காவதில்தான் எங்கள் குவாரி வர வேண்டும். ஆனால் முதன்மை விநியோகஸ்தர் என்றால் திட்டத்துக்குத் தொடர்ந்து நேரடியாகச் சரக்கு தருபவர். சாலை ஒப்பந்ததாரருக்கு ஜல்லி தருவது கிரஷர். கிரஷருக்குக் கல் தருவது குவாரி. ஒரு கண்ணி பின்னால் போனதும் விதியின் பார்வை முடிந்துவிடுகிறது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு வாடிக்கையாளருக்காக விநியோகஸ்தர் தணிக்கைப் படிவம் ஒன்றைச் செய்திருக்கிறேன். அதில் "பணியில் உள்ள குழந்தைகள்" என்று ஒரு கட்டம். எண் மட்டுமே ஏற்கும். ஆயிரக்கணக்கான பதிவுகளில் எல்லாமே பூஜ்யம். அந்தப் பூஜ்யம் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. லோடு கூலியில் பதிவேட்டில் ஒரு பெயர்தான் இருக்கும், அந்தப் பெயர் வயது வந்தவருடையது. கேட்டால், "புள்ள அம்மாவுக்குத் தொணையா வந்துச்சு" என்பார்கள். லோடுக்கு என்ன விலை, முன்பணம் எவ்வளவு, அளப்பது யார் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

மேலிருந்து வரும் அழுத்தத்தால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. உஸ்பெகிஸ்தானில் பருத்தி பறிக்க ஆசிரியர்களையும் மருத்துவ ஊழியர்களையும் மாணவர்களையும் அரசே வயலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. உலக வங்கியின் ஆய்வுக் குழுவுக்கு 2013இல் புகார் போனது. 2015 முதல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கண்காணித்தது. நிறுவனங்கள் பருத்தியைப் புறக்கணித்தன. அந்தப் புறக்கணிப்பு 2022இல் விலக்கப்படும் அளவுக்கு நிலைமை மாறியது. அங்கே கட்டாயப்படுத்தியது ஒரே கை, அரசின் கை. கடன் கொடுப்பவர் அதை நேரே பிடிக்க முடிந்தது. நம் ஊரில் கட்டாயப்படுத்துவது ஆயிரம் மேஸ்திரிகளின் ஆயிரம் நோட்டுகள். அவை எந்த வங்கியின் கடன் ஒப்பந்தத்திலும் வராதவை.

இதில் குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதுதான் என்னை உறுத்தும் இடம். திட்ட இடத்தில் ஒரு குழந்தை கண்ணில் பட்டால் சூப்பர்வைசர் செய்யக்கூடியது வெளியே அனுப்புவது. சரிசெய்ய முடியாத விநியோகஸ்தரை மாற்றச் சொல்கிறது விதி. ஆவணத்தில் பிரச்சினை தீர்ந்தது. அந்தக் குடும்பத்தின் கடன் தீரவில்லை. அதே மேஸ்திரி, அதே நோட்டோடு, தணிக்கை வராத இன்னொரு குவாரிக்கு அவர்களைக் கூட்டிப்போவார். கூலியில் ஒரு கை குறைந்ததும் கடனில் ஏறியிருக்கும்.

1976ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வேலை செய்கிறது. கொத்தடிமை என்று கண்டறியப்பட்டால் அந்தக் கடனே செல்லாது என்கிறது. விடுவிக்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் தரும் நடைமுறை உண்டு. மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு, தலைவர் ஆட்சியர். 2016 திட்டப்படி மறுவாழ்வுத் தொகை ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை. ஆனால் உடனடியாகக் கைக்கு வருவது சிறு தொகை, முழுத் தொகைக்கு வழக்கில் தண்டனை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். குறை நிறைய உண்டு. இருந்தாலும் அது நோட்டைத் தொடுகிறது. வங்கியின் விதி குவாரி வாசலோடு நின்றுவிடுகிறது.

இரண்டையும் சேர்ப்பது அவ்வளவு கடினமா? கடன் ஒப்பந்தத்தில் குழந்தை இருக்கக் கூடாது என்று எழுதும் வங்கி, குழந்தை கண்டுபிடிக்கப்பட்டால் அந்தக் குடும்பத்தின் விவரம் ஆட்சியரின் குழுவுக்குப் போயே ஆக வேண்டும், முன்பணக் கணக்கு ரத்தான பிறகுதான் ஒப்பந்ததாரருக்கு அடுத்த தவணை என்றும் எழுதலாம். தணிக்கைக்கு வருகிறவர் குழந்தைகளை எண்ணுவதற்கு முன்னால், லோடு விலை குறைந்தபட்சக் கூலியைத் தாண்டுகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்குத் தேவையானது ஒரு டேப்பும் ஒரு நோட்டும். குடுமியான்மலைப் பக்கத்துப் பெண்கள் முப்பது வருடத்துக்கு முன்பு அதை வைத்துத்தான் தொடங்கினார்கள்.