கடல் கடந்து கற்ற தேசபக்தி

மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், மேற்படிப்புக்கென அயல்நாடு சென்றிருக்கும் மகனையோ மகளையோ காண்கிறோம். பிள்ளை பட்டத்தோடு திரும்ப வேண்டும். நல்ல உத்தியோகத்தில் அமர வேண்டும். பெற்றோரின் விருப்பம் இவ்வளவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு பேரரசுகளும் ஏறக்குறைய இதையே எதிர்பார்த்தன. சீனத்தை ஆண்ட மஞ்சு அரசு தன் இளைஞரை ஜப்பானுக்கு அனுப்பியது. லண்டனில் சட்டமும் சிவில் சர்வீஸ் தேர்வும் பயின்ற இந்திய இளைஞர் தன் ஆட்சிக்குத் தூணாவர் என்று ஆங்கில அரசு நம்பியது. இரண்டு நம்பிக்கைகளும் பொய்த்தன. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சற்று ஆராய்வோம்.

சீனத்திலிருந்து ஜப்பானுக்கு 1896-ஆம் ஆண்டில் முதன்முதலாகச் சென்ற மாணவர் 13 பேர். பத்தாண்டுகளுக்குள் அத்தொகை ஏறத்தாழ 8,000 ஆக உயர்ந்தது. 1895-இல் ஜப்பானிடம் அடைந்த தோல்வி சீனரின் கண்களைத் திறந்திருந்தது. 1905-இல் பழைய அரசுத் தேர்வு முறையும் ஒழிக்கப்பட்டதால், புதிய கல்வியே உத்தியோகத்துக்கு வழி என்றாயிற்று. டோக்கியோவில் இறங்கிய சீன இளைஞன் முதலில் கண்டது தன் பின்னலைப் பார்த்து நகைத்த தெருச் சிறுவர்களை. அப்பின்னலோ மஞ்சு மன்னர்கள் தம் குடிகள்மீது சுமத்திய அடையாளம். அதைக் கத்தரித்து எறிவதே பலருக்குப் புரட்சியின் முதற்படியாயிற்று.

1905 ஆகஸ்டில் டோக்கியோவில் சன் யாட் சென்னின் தலைமையில் 'தோங்மெங்குய்' என்னும் புரட்சிச் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டு நவம்பரில், சீன மாணவரைக் கட்டுப்படுத்த ஜப்பானிய அரசு புதிய விதிகளைப் பிறப்பித்தது. பத்திரிகை ஒன்று அம்மாணவரை இழிவாக எழுதியது. அந்த இழிசொல்லைத் தம் தோழர் தம் ஒழுக்கத்தால் பொய்யாக்க வேண்டுமென்று விழைந்த சென் தியான்ஹுவா என்ற எழுத்தாளர், கடலில் மூழ்கி உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பது. அங்கே பயின்று நாடு திரும்பிய சியூ ஜின் என்ற வீரப் பெண்மணி 1907-இல் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

இனி லண்டனுக்கு வருவோம். டோக்கியோச் சங்கம் தோன்றுவதற்கு ஏழு வாரங்களுக்கு முன்னர், 1905 ஜூலை முதல் தேதியன்று, ஹைகேட் பகுதியில் 'இந்தியா ஹவுஸ்' என்னும் மாணவர் விடுதி திறக்கப்பட்டது. அதை நிறுவியவர், பம்பாயில் பள்ளிக் கல்வி பெற்று ஆக்ஸ்போர்டில் பட்டம் பெற்ற வடமொழி அறிஞர் சியாம்ஜி கிருஷ்ண வர்மா. அவர் அளித்த உதவித்தொகையைக் கொண்டு 1906-இல் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர் சாவர்க்கர். திருச்சி வரகனேரியில் பிறந்து, ரங்கூனில் வழக்கறிஞர் தொழில் புரிந்து, பாரிஸ்டர் படிப்புக்கென லண்டன் வந்த வ. வே. சு. ஐயரும், மருத்துவம் பயில வந்த தி. சே. சௌ. ராஜனும் அவ்வீட்டோடு தொடர்பு கொண்டனர்.

தாயகத்தில் பிறவாத எண்ணம் அயல் மண்ணில் பிறப்பானேன்? இங்கே தமிழன் தமிழனாகவும், மராத்தியன் மராத்தியனாகவும், பஞ்சாபி பஞ்சாபியாகவும் வாழ்ந்தனர். லண்டன் தெருவிலோ மூவருக்கும் ஒரே பெயர். மூவருக்கும் ஒரே அவமதிப்பு. டோக்கியோவிலும் ஹூனான் மாணவரும் கான்டன் மாணவரும் முதலில் தத்தம் மாகாணச் சங்கங்களையே அமைத்தனர். பின்னரே ஒரு நாட்டு மக்கள் என்னும் உணர்வில் இணைந்தனர். தாயகத்தில் அச்சிட முடியாததை அயல்நாட்டில் அச்சிட முடிந்தது. ரஷ்யாவை ஜப்பான் 1905-இல் வென்ற செய்தியோ, ஆசியா வெல்லும் என்ற துணிவை எல்லோருக்கும் ஊட்டியது.

இவ்விரு ஓடைகளும் ஓரிடத்தில் கலந்தன என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1907-இல் டோக்கியோவில் இந்திய மாணவர் சிவாஜி மகராஜின் நினைவு விழாவைக் கொண்டாடினர். அதற்குச் சென்றிருந்த சீனப் பேரறிஞர் ஜாங் தாயன், அதைப் பற்றிப் புரட்சிச் சங்கத்தின் இதழில் எழுதினார். மராட்டிய மண்ணின் மன்னன் சீனப் புரட்சியாளரின் ஏட்டில் இடம்பெற்றான். அதே ஆண்டில் ஆசிய மக்களின் தோழமைக்கென அவரும் இந்தியர் சிலரும் ஒரு சங்கம் கண்டனர்.

ஆனால் இவ்வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் தொடுத்தல் நேர்மையாகாது. 1909 ஜூலை முதல் தேதி இரவு லண்டனில், மதன்லால் திங்கரா என்ற பொறியியல் மாணவர் கர்ஸன் வைலி என்னும் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். தடுக்க முற்பட்ட பார்சி மருத்துவர் லால்காகாவும் மாண்டார். அவர் ஷாங்காயில் தொழில் புரிந்தவர். எவருக்கும் பகைவர் அல்லர். ஆகஸ்ட் 17-இல் திங்கரா தூக்கிலிடப்பட்டார். அதன்பின் இந்தியா ஹவுஸ் நிலைகுலைந்தது. சாவர்க்கர் 1910-இல் சிறைப்பட்டார். ஐயர் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி சேர்ந்தார்.

கொலை நிகழ்ந்த சில நாட்களில் தென்னாப்பிரிக்க இந்தியரின் குறைகளை எடுத்துரைக்க லண்டன் வந்து சேர்ந்தவர் காந்தியடிகள். மாணவர் விருந்தொன்றில் சமையற்கட்டில் பாத்திரம் துலக்கிக் கொண்டிருந்த மெலிந்த மனிதர் அவரே என்று பிறகுதான் அறிந்ததாக ராஜன் பின்னாளில் எழுதினார். அவ்விளைஞரின் தேசபக்தியை அடிகள் ஐயுறவில்லை. அவர்கள் கைக்கொண்ட வழியையே மறுத்தார். அவ்வாதங்களுக்கு விடையாகத் திரும்பும் கப்பலில் அவர் குஜராத்தியில் எழுதிய நூலே 'ஹிந்த் ஸ்வராஜ்'. அந்நூலையும் பம்பாய் அரசாங்கம் 1910-இல் தடை செய்தது! அகிம்சை பேசிய ஏட்டுக்கும் துப்பாக்கி ஏந்திய கைக்கும் ஆட்சியாளர் ஒரே அஞ்சலைக் காட்டினர்.

சீனத்தில் 1911 அக்டோபர் 10-ஆம் தேதி ஊச்சாங் நகரில் படைவீரர் கிளர்ந்தெழுந்தனர். 1912 ஜனவரி முதல் நாளில் குடியரசு பிறந்தது. ஜப்பானில் பயின்றோர் பலர் புதிய படைகளில் அதிகாரிகளாக இருந்தமை அதற்குத் துணை செய்தது. நம் மாணவரோ தொகையில் சிலர், ஆள்வோரின் தலைநகரிலேயே வாழ்ந்தவர்கள், கையில் படையற்றவர்கள். ஆகவே அவர்கள் ஏற்றிய சுடர் பெருந்தீயாகாமல் விளக்காகவே நின்றது. அவ்விளக்கைக் கண்டு நடந்தவர் பலர்.

அவர்களுள் ஒருவரின் வாழ்வு நம் நகரிலேயே முடிந்தது. 1887-இல் சென்னையில் பிறந்து, பாரதியாரின் 'இந்தியா' இதழோடு உழைத்து, லண்டன் சென்று, பாரிஸ், பெர்லின், அமெரிக்கா எனப் பல நாடுகளில் அலைந்து, 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தொடக்கத்திலும் பங்கு கொண்டவர் ம. பார்த்தசாரதி திருமலாச்சாரி. பின்னர் அக்கட்சியினின்றும் விலகினார். 1935-இல் பம்பாய் திரும்பினார். ஓவியரான அவருடைய ரஷ்ய மனைவி மக்டா நாக்மன் 1951-இல் இங்கேயே மறைந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின், வறுமையில், அவரும் மறைந்தார்.

விடுதலை பெற்ற நாட்டில் ஏழாண்டுகள் வாழ்ந்தும் அவரை அறிந்தோர் சிலரே. ஊர்வலம் இல்லை, சிலை இல்லை. அயல்நாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நாம், அவர்கள் கொண்டுவரும் பட்டத்தை மட்டும் எண்ணாமல், அங்கே அவர்கள் தம் நாட்டைப் பற்றி என்ன கற்றனர் என்றும் கேட்போமாக. அவ்வாறு கேட்கையில், கற்றதற்காக வாழ்நாள் முழுவதையும் விலையாகக் கொடுத்த ஆச்சாரியாரின் பெயரையும் ஒருமுறை சொல்லி வைப்போம்.