வளர்ப்புப் பராமரிப்புக் குழந்தைகளும் தன்னார்வத் துணையும்

பெற்றோரை இழந்த, அல்லது பெற்றோருடன் வாழ இயலாத குழந்தையை அரசு வேறொரு குடும்பத்தில் வளரவிடுவது வளர்ப்புப் பராமரிப்பு எனப்படும். அத்தகைய குழந்தையின் நிலையை விசாரித்தறிந்து, முடிவெடுக்கும் மன்றத்தில் அதன் நலனுக்காகப் பேசுவதே தன்னார்வத் துணை. அமெரிக்காவில் இதற்கென்று தனி அமைப்பு உண்டு. தமிழ்நாட்டில் இப்பணி பலர் கையில் சிதறிக் கிடக்கிறது.

1977இல் சியாட்டில் நகர நீதிபதி டேவிட் சூக்கப் அந்த அமைப்புக்கு வித்திட்டார். போதிய விவரம் இல்லாமல் குழந்தைகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க நேர்ந்தது அவரை உறுத்தியது. எனவே பயிற்சி பெற்ற பொதுமக்களை நீதிமன்றத்தின் சார்பில் நியமித்தார். பள்ளிக்கும் வீட்டுக்கும் மருத்துவரிடமும் சென்று, பார்த்ததை எழுதித் தருவது அவர்கள் வேலை. ஒருவர் பொறுப்பில் ஓரிரு குழந்தைகளே இருப்பதால் பெயரும் முகமும் மறப்பதில்லை. இம்முறையின் வலிமை இதுதான்.

இந்தியாவில் குழந்தைகளுக்கென முதன்முதலில் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம் (1920). ஆதரவற்ற குழந்தையை உறவினரிடமோ தகுதியான வேறொருவரிடமோ ஒப்படைக்க அச்சட்டம் இடம் தந்தது. ஆயினும் நடைமுறையில் இல்லங்களே பெருகின. முத்துலட்சுமி ரெட்டியின் அவ்வை இல்லம் (1930), காமராசரும் மஞ்சுபாஷிணியும் தொடங்கிய பால மந்திர் (1949) ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி கடலூர், நாகப்பட்டினம் கரைகளில் பல பிள்ளைகளை அநாதையாக்கியது. அரசு அவர்களுக்கு இல்லங்கள் திறந்தது. பாட்டி, சித்தி, மாமா வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. காகிதத்தில் பதியாத வளர்ப்புப் பராமரிப்பு அது. நம் ஊர்களில் காலங்காலமாக நடப்பதும் அதுவே.

தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து எழுதப்பட்ட ஒரு கடிதம் 2007இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்காயிற்று. பத்தாண்டுகளுக்குப் பின், 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், தத்து, வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு போன்ற வழிகளை ஊக்குவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. தனி மனிதர் எழுதும் கடிதத்துக்கு இத்தனை வலிமை உண்டு என்பதை இவ்வழக்கு காட்டியது.

இதற்கிடையே 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு வளர்ப்புப் பராமரிப்புக்கு வழிவகுத்தது. அதற்கான மாதிரி நெறிமுறைகள் அவ்வாண்டே வந்தன. 2024இல் திருத்தப்பட்டு, தனியாக வாழ்பவரும் குழந்தையை வளர்க்கலாம் என்றாயிற்று. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கொரோனாவில் பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழக அரசு மாதம் 3,000 ரூபாய் அறிவித்தது (2021). பணம் போய்ச் சேர்ந்த வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்த்துவர ஆளும் வேண்டும்.

அந்த ஆள் யார்? நன்னடத்தை அலுவலர் இருக்கிறார். அவர் பொறுப்பில் பல குழந்தைகள். 2009 முதல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ சட்ட வழக்குகளில், குழந்தைக்குத் துணைநிற்கும் ஆதரவு நபர் உண்டு; அவரது தேவையை உச்ச நீதிமன்றம் 2023இல் வலியுறுத்தியது. ஆனால் வழக்கு ஏதுமின்றி அத்தை வீட்டில் வளரும் பிள்ளைக்கு இவர்களில் எவரும் நிலையான துணை ஆவதில்லை.

வெள்ளாற்றங்கரையில் உள்ள சேத்தியாத்தோப்பை எடுத்துக்கொள்வோம். கரும்பும் நெல்லும் விளையும் ஊர், கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, நாற்புறமும் பேருந்து போகும் குறுக்குரோடு. இங்கே ஆதரவின்றி ஒரு குழந்தை நின்றால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கடலூர் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டு செல்ல வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட அக்குழுவுக்கு முதல்வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரம் உண்டு. பிறகு அந்தக் குழந்தை எங்கே போகிறது, பள்ளியில் சேர்ந்ததா என்பதை ஊரிலிருந்தே கவனிக்க வேண்டியவை கிராம, வார்டு அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள். ஊராட்சித் தலைவர், அங்கன்வாடி பணியாளர், ஆசிரியர் ஆகியோருடன் குழந்தைகளின் பிரதிநிதிகளும் அவற்றில் இடம்பெற வேண்டும். சூக்கப் தேடிய மனிதர் இத்தகைய குழுவிலிருந்தே கிடைக்கக்கூடும். ஓரிரு குழந்தைகளை ஒருவர் பொறுப்பில் விட்டு, அவர் எழுதுவதை நலக் குழு கேட்டு வாங்கினாலே தொடங்கிவிடலாம்.

ஆதரவின்றித் தவிக்கும் குழந்தையைக் கண்டும் தெரிவிக்காமல் இருப்பது இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். கண்டவர் உடனே 1098 என்ற இலவச எண்ணை அழைக்க வேண்டும்.