இறால் குளங்களுக்கு வந்த வெள்ளைப்புள்ளி

1990களின் தொடக்கத்தில் நெல்லூர் முதல் நாகப்பட்டினம் வரை கடலோர வயல்கள் வரி இறால் குளங்களாக மாறின. லாபம் பெரிது, அவசரம் அதைவிடப் பெரிது. ஒரு பண்ணை கழிவுநீரைத் திறந்துவிட்ட ஓடையிலேயே அடுத்த பண்ணை மோட்டார் வைத்து நீர் இறைத்தது. நோய்க்கு இதைவிட நல்ல பாதை வேண்டியதில்லை.

அந்தப் பாதையில் 1994 இறுதியில் வந்தது வெள்ளைப்புள்ளி வைரஸ். தைவானிலும் சீனாவிலும் அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே அது பண்ணைகளை அழித்திருந்தது. நோய் கண்ட இறால் தீனி எடுக்காது. கரையோரம் ஒதுங்கி மந்தமாக நீந்தும். தலையோட்டைப் பெயர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் உட்புறம் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அதைப் பார்த்த பத்து நாளுக்குள் குளமே காலியாகிவிடும். கையில் கிடைத்த ஆன்டிபயாட்டிக்கையெல்லாம் கொட்டியும் பலனில்லை. வைரஸை அது தொடாது. மனித உடல் உண்டாக்குவதுபோன்ற எதிர்ப்புப்பொருளை இறால் உண்டாக்குவதில்லை என்பதால் வழக்கமான தடுப்பூசிக்கும் வழியில்லை. நோயை உள்ளே விடாமல் இருப்பதுதான் மிஞ்சிய வழி.

1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபுமுறை அல்லாத பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. வழக்கு நோயைப் பற்றியதல்ல. விளைநிலமும் குடிநீரும் உப்பாவதைப் பற்றியது. ஆனாலும் அதன் தொடர்ச்சியாக வந்த உரிமமுறையும், 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமும், பெரிய பண்ணைகளுக்கான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு விதியும் நோய்த்தடுப்புக்கும் உதவின.

கடலில் பிடித்த தாய் இறாலிடமிருந்தே குஞ்சுக்கு வைரஸ் போவது தெரிந்ததும், பொரிப்பகங்களில் பி.சி.ஆர். சோதனை வழக்கமானது. பண்ணையில் இறைத்த நீரை வலையில் வடிகட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுச் சில நாள் தேக்கிவைத்தார்கள். நண்டு ஏறாதிருக்கக் குளத்தைச் சுற்றி வேலி. செத்த இறாலைக் காகம் அடுத்த குளத்தில் போடாதிருக்க மேலே கயிறுகள். 2000க்குப் பின் ஆந்திரத்தில் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் (எம்பெடா) சிறு விவசாயிகளைக் குழுக்களாக்கியது. ஒரே சமயத்தில் குஞ்சு விடுவது, நோய் கண்டால் அண்டைக் குளத்தாருக்குச் சொல்வது, அந்த நீரைத் திறந்துவிடாமல் வைப்பது என்பவை அவர்களின் ஏற்பாடு. கருவிகளைவிட இந்த ஒழுங்குதான் அதிகம் சாதித்தது எனலாம்.

2009இல் பசிபிக் இனமான வனாமி அனுமதிக்கப்பட்டது. குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லையென்று சான்று பெற்ற தாய் இறால்கள் விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தும் மையத்தில் சோதிக்கப்பட்ட பிறகே பொரிப்பகங்களுக்குப் போயின. அந்தச் சான்று பட்டியலிலுள்ள கிருமிகளுக்கு மட்டுமே, எதிர்ப்பாற்றலுக்கு அல்ல. சுத்தமான குஞ்சும் அசுத்தமான குளத்தில் வெள்ளைப்புள்ளி கண்டது.

பின்னர் வந்த இ.ஹெச்.பி. என்ற நுண்ணுயிரி அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்து நுழைந்தது. அதன் வித்துகள் குளத்து மண்ணில் தங்கிவிடும். குளத்தைக் காயவைத்து, நீற்றாத சுண்ணாம்பைப் போட்டு உழுது, காரத்தன்மையை வெகுவாக உயர்த்தினால்தான் அடங்கும். பெரும்பாலும் இறாலைக் கொல்லாமல் வளரவிடாமல் செய்வது அதன் வேலை. அதனால் விவசாயி தீனி போட்டுக்கொண்டே இருப்பார். நட்டம் எடை போடும்போதுதான் தெரியும்.