ஓதற்பள்ளியும் அரிவரி வகுப்பும்: வற்றாப்பளை அயலில் முஸ்லிம் சிறாரின் ஆரம்பக் கல்வி

வற்றாப்பளை என்றதும் இலங்கைத் தமிழர் எவருக்கும் நினைவில் வருவது நந்திக்கடல் ஓரத்துக் கண்ணகி அம்மன் கோயிலும் வைகாசிப் பொங்கலும் கடல்நீரில் எரியும் விளக்குமே. பத்தாம் பளை என்பதே வற்றாப்பளை ஆனது என்று ஊரார் பெயர்க்காரணம் சொல்வர். இந்த ஊருக்கு அயலில், முள்ளியவளையை ஒட்டியதாகத் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் என்று முஸ்லிம்கள் வாழ்ந்த குடியிருப்புகள் இருப்பது வெளியூர் வாசகர் பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் பற்றியும் மன்னார் முஸ்லிம்கள் பற்றியும் ஓரளவாவது எழுதப்பட்டிருக்கிறது. முல்லைத்தீவு முஸ்லிம்கள் தொகையிற் குறைந்தவர்கள். அவர்களைப் பற்றிய எழுத்தும் குறைவு. அதிலும் அவர்களுடைய சின்னப் பிள்ளைகள் எங்கே, எப்படிப் படித்தார்கள் என்பது ஏறக்குறைய எழுதப்படாத கதை. அதன் ஒரு பகுதியை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தண்ணீரின் பெயரில் ஊர்கள்

தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி என்ற பெயர்களே வன்னி நிலத்தின் இயல்பைச் சொல்லிவிடும். நீராவி என்றால் எங்கட வழக்கில் குளம். மழையையும் குளத்தையும் நம்பிய வயல், மேட்டுநிலப் பயிர், மாடு, கடைத்தெரு வியாபாரம், கடற்கரையோடு மீன் வியாபாரம் என்பனவே இப்பகுதி வாழ்க்கை. முஸ்லிம்களும் இதே தொழில்களைத்தான் செய்தார்கள். வயலில் அருகருகே வரம்பு, சந்தையில் அருகருகே கடை, பேச்சும் ஒரே வன்னித் தமிழ். வேறுபட்டது பள்ளிவாசலும் பிள்ளைகள் அதிகாலையில் போன இடமும்தான்.

அதிகாலைப் பள்ளி

இலங்கை முஸ்லிம் கிராமம் எதை எடுத்தாலும் பிள்ளையின் முதற் பள்ளிக்கூடம் ஓதற்பள்ளியே. சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வரும் நேரம் தொப்பியும் முந்தானையுமாகப் பிள்ளைகள் வந்து பாயில் வரிசையாக இருப்பார்கள். பள்ளிவாசலின் திண்ணையாகவோ, லெப்பையின் வீட்டு விறாந்தையாகவோ, குர்ஆன் ஓதத் தெரிந்த ஒரு மூத்தம்மாவின் குசினிப் பக்கமாகவோ அது இருக்கலாம். பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த இந்தப் பெண்களின் பங்கை நம் கல்வி வரலாறு கணக்கில் எடுத்ததே இல்லை. கட்டடமோ பதிவோ சம்பளப் பட்டியலோ இல்லாதபடியால் ஆவணமும் இல்லாமற் போயிற்று.

கற்பித்த முறை சத்தமிட்டு ஓதும் முறை. அலிபு, பே, தே என்று எழுத்தைப் பிடித்து, பிறகு ஸபர், ஸேர், பேஷ் என்ற உயிர்க்குறிகளோடு கூட்டி, அதற்குமேல் சொல், அதற்குமேல் சூறா. இந்தக் குறிகளின் பெயர்கள் அறபு அல்ல, பாரசீகம். நம் கடற்கரை ஊர்களுக்கு ஓதல் வந்து சேர்ந்த பாதை எவ்வளவு நீளம் என்பதற்கு இந்த மூன்று சொற்களே போதும். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். லெப்பை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பாடம் கேட்பார். ஒரே பாயில் ஐந்து வயதும் பன்னிரண்டு வயதும் இருக்கும். இன்றைக்குக் கல்வியியலாளர் பல்தர வகுப்பு என்று பேர் வைத்துச் சொல்வதை இவர்கள் பேர் வைக்காமலே நடத்தினார்கள். பிள்ளை குர்ஆனை ஓதி முடித்தால் தமாம். அன்றைக்கு வீட்டில் சோறும் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இனிப்பும் போகும். ஒரு பிள்ளையின் கல்வியை ஊரே கொண்டாடிய நாள் அது.

ஓதலோடு சேர்ந்து வந்தது அறபுத் தமிழ். தமிழின் சில ஒலிகளுக்கு அறபியில் எழுத்து இல்லை. அதனால் அறபு எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். கீழக்கரை இமாமுல் அறூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இந்த எழுத்திலே மார்க்க நூல்கள் எழுதினார். இலங்கைக்கும் பலமுறை வந்து சென்றார். அவருடைய ‘மஙானி’ இரு கரையிலும் வீடுகளில் வாசிக்கப்பட்டது. தமிழ் எழுத்துத் தெரியாதவர் என்று குடிசன மதிப்பீட்டில் எழுதப்பட்ட எத்தனையோ முஸ்லிம் பெண்கள் தமிழை அறபு எழுத்தில் வாசித்தவர்கள். அவர்களைப் படிப்பறிவில்லாதவர் என்ற கணக்கில் சேர்த்தது நியாயமா என்று கேட்க வேண்டும்.

அரச பாடசாலை வந்த கதை

1869இல் பொதுப் போதனாத் திணைக்களம் அமைக்கப்பட்டதன் பின், உதவி நன்கொடை பெற்ற மிஷன் பாடசாலைகள் வடக்கெங்கும் பரவின. மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தால் முஸ்லிம்கள் அவற்றிலிருந்து ஒதுங்கினார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒதுங்கியதால் வந்த நட்டமும் பெரிது. அறிஞர் சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி எழுதியதும், 1884இல் கொழும்பில் அவரும் தோழர்களும் மத்ரஸா ஒன்றைத் தொடங்கியதும், அது நிலைக்காமற் போக 1892இல் ஸாஹிறா உருவானதும் இந்த நட்டத்தை ஈடுசெய்யவே. ஆனால் கொழும்பில் மூட்டிய விளக்கின் வெளிச்சம் வன்னிக்கு வந்து சேர இரண்டு தலைமுறை ஆயிற்று.

கிராமத்து முஸ்லிம் பிள்ளைக்குக் கதவு திறந்தது 1945இல் வந்த இலவசக் கல்வியோடுதான். முஸ்லிம் பிள்ளைகளுக்கென்று அரசினர் முஸ்லிம் கலவன் பாடசாலைகள், அவற்றில் இஸ்லாம் பாடத்துக்கும் அறபுக்கும் மௌலவி ஆசிரியர்கள், நோன்பு மாதத்தில் விடுமுறை என்ற ஏற்பாடுகள் படிப்படியாக வந்தன. இதற்காகப் பேசியவர்களுள் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் முக்கியமானவர். முஸ்லிம்களுள் முதலாவது சிவில் சேவை உத்தியோகத்தராகிப் பின் 1948 முதல் 1961 வரை ஸாஹிறாவின் அதிபராக இருந்தவர் அவர். ஓதற்பள்ளியும் பாடசாலையும் ஒன்றையொன்று விழுங்கிவிடக் கூடாது என்பது அந்தத் தலைமுறையின் கவலை. நோன்பு விடுமுறை என்ற ஒரு சின்ன ஏற்பாடே எத்தனையோ பெற்றோரைப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பச் சம்மதிக்க வைத்தது.

இதன்பின் பிள்ளையின் நாள் இரண்டாகப் பிரிந்தது. காலையில் வலமிருந்து இடம். எட்டு மணிக்குப் பிறகு இடமிருந்து வலம். ஓதிவிட்டு வந்து, இருந்ததைத் தின்றுவிட்டு, சிலேற்றுப் பலகையோடு அரிவரி வகுப்புக்கு ஓட வேண்டும். மணலில் விரல் பிடித்து ‘அ’ எழுதுவித்த ஆசிரியர் முஸ்லிமாகவும் இருப்பார், தமிழராகவும் இருப்பார். ஆரம்பப் பிரிவுக்குமேல் படிக்க முள்ளியவளைப் பக்கத்துப் பெரிய பாடசாலைகள் இருந்தன. அங்கே ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் பின்னாளில் ஒரே கந்தோரில் வேலையும் பார்த்தார்கள்.

பாடசாலை ஊரின் முற்றம்

கிராமத்து ஆரம்பப் பாடசாலையைப் பாடம் சொல்லும் இடமாக மட்டும் பார்த்தால் பாதியைத்தான் பார்த்தவர் ஆவோம். கூரை பிரிந்தால் கிடுகு கொண்டுவந்தது ஊர். கிணறு தூர்ந்தால் இறைத்தது ஊர். மாரி தொடங்குமுன் சிரமதானம், தை மாதம் புதிய பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழா, இல்ல விளையாட்டுப் போட்டி, மீலாத் விழா, பரிசளிப்பு என்று ஆண்டு முழுதும் ஊர் அங்கே கூடியது. பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்தவர்களே பெற்றார் சங்கத்திலும் இருப்பார்கள். ஆகவே ஜும்ஆ முடிந்து நின்று பேசுகிற இடத்திலேயே பாடசாலைக் காரியமும் முடிவாகிவிடும்.

ஆரம்பப் பிரிவுகளில் இன்றும் நடக்கும் சிறுவர் சந்தையை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் வீட்டிலிருந்து கீரை, முருங்கைக்காய், தேங்காய், தேசிக்காய், உம்மா சுட்ட பலகாரம் கொண்டுவந்து பாய் விரித்து விற்பார்கள். வாங்குவது பெற்றோரும் மற்ற வகுப்புப் பிள்ளைகளும். கூட்டலும் கழித்தலும் சில்லறை எண்ணும்போது பிடிபடும். பேசத் தயங்கும் பிள்ளை விலை கூவும்போது வாய் திறக்கும். வியாபாரம் பார்க்கும் வாப்பாவின் பிள்ளை அன்றைக்கு வகுப்பில் முதலாள். பாடப் புத்தகத்தில் பின்னுக்கு நின்றவன் கணக்கில் முன்னுக்கு வருவான். 1998 தொடக்கம் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 1 முதல் 5 வரையை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்து, விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று முறை வகுத்தது. சந்தையும் வயலும் தெரிந்த கிராமத்துப் பிள்ளைக்கு இந்த முறை புதிதல்ல. ஆனால் அந்தச் சீர்திருத்தம் வந்தபோது முல்லைத்தீவில் அதைப் படிக்க முஸ்லிம் பிள்ளைகள் இருக்கவில்லை.

1990

1990 ஜூனில் மீண்டும் மூண்ட போர் வடக்கின் பாடசாலைகளை ஏற்கெனவே குலைத்திருந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30இல் கொடுக்கப்பட்ட அவகாசம் ஒருசில மணித்தியாலமே. மொத்தத்தில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். முல்லைத்தீவிலிருந்து போனவர்கள் ஏறத்தாழ 5,000 பேர் என்பது மதிப்பீடு. ஹிஜ்ரத்தின் பேரால் வழங்கும் ஊரிலிருந்தும் பிள்ளைகள் ஹிஜ்ரத் போனார்கள்.

வீடு, காணி, மாடு, நகை என்று இழப்புகளைக் கணக்கெடுத்தவர்கள் உண்டு. பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் அந்தப் பணிக்குத் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தார். ஆனால் பாடசாலை இழப்பு எந்தப் பட்டியலிலும் சரியாக ஏறவில்லை. பாடசாலையை விட்டு விலகும் பிள்ளைக்கு விடுகைப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒரு மாவட்டத்து முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் விடுகைப் பத்திரம் இல்லாமல் விலகிய நாட்கள் அவை.

புத்தளத்தில் ஓலைக் கொட்டிலும் உப்புத் தண்ணீரும் மட்டும் பிரச்சினை அல்ல. உள்ளூர்ப் பாடசாலைகளில் இடமில்லை. காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள் இருந்த வாங்கில் பின்னேரம் இடம்பெயர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். வடக்கிலிருந்து வந்த ஆசிரியர்களே பல இடங்களில் படிப்பித்தார்கள்; ஊரோடு சேர்ந்து பாடசாலையும் இடம்பெயர்ந்தது என்பது உண்மை. இடம் கொடுத்த புத்தளத்து மக்களின் உபகாரம் மறக்கத்தக்கதல்ல; நெருக்கடி கூடக் கூட இருபக்கமும் கசப்பு வந்ததும் மறைக்கத்தக்கதல்ல. முகாமில் பிறந்த பிள்ளைக்கு முல்லைத்தீவு என்பது வாப்பாவும் மூத்தவாப்பாவும் பேசும் பேச்சில் மட்டுமே இருந்தது.

திரும்பி வந்த பின்

இங்கே இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் 1990இல் இழந்ததை வற்றாப்பளை, முள்ளியவளைத் தமிழ்ப் பிள்ளைகள் 2008–2009இல் இழந்தார்கள். அவர்களும் இடம்விட்டு இடம் ஓடி, கடைசியில் மெனிக் பாம் முகாமில் கொட்டிலுக்குள் படித்தார்கள். 2009இல் அங்கிருந்தே ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் எழுதினார்கள். 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. ஆகவே இந்த மண்ணுக்குத் திரும்பிய இரு சமூகத்துப் பெற்றோருமே அறுந்த படிப்பின் இரண்டு நுனிகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தார்கள்.

முஸ்லிம்களின் மீள்குடியேற்றம் ஏன் இழுபட்டது என்று கேட்டால் காணி, வீடு, தொழில் என்று பதில் வரும். அவற்றோடு தரம் 1 வகுப்பையும் சேர்க்க வேண்டும். பாடசாலைக்கு ஆசிரியர் நியமனம் மாணவர் தொகையைப் பார்த்தே வரும். பிள்ளைகள் இல்லாவிட்டால் ஆசிரியர் இல்லை; ஆசிரியர் இல்லாவிட்டால் “புள்ளையின்ட படிப்பு என்னாகிறது?” என்று உம்மா புத்தளத்திலேயே நின்றுவிடுவார். வாப்பா மட்டும் வந்து காணி துப்பரவாக்கி, வாரக் கடைசியில் பஸ் ஏறுவார். இப்படி ஒரு குடும்பம் இரண்டு ஊரில் வாழ்வதற்கு அரசியலைவிட ஆரம்பப் பாடசாலையே காரணமாக இருக்கும் இடங்கள் உண்டு. பள்ளிவாசலைக் கட்டிவிட்டால் ஊர் வந்துவிடும் என்று நம்பினோம். பள்ளிவாசல் வந்தது; ஊர் முழுதாக வரவில்லை. ஊர் வருவது பிள்ளைகள் வந்தால்தான்.

சின்னப் பாடசாலையில் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சேர்ந்து படிப்பதா, முஸ்லிம் பாடசாலையைத் தனியே காப்பதா என்ற கேள்வி இன்று பல இடங்களில் எழுகிறது. சித்திலெப்பை காலத்துப் பயம் இன்றைக்குப் பொருந்தாது. மார்க்கப் பாடத்துக்கு ஆசிரியர் கேட்கும் உரிமை சட்டப்படியே உண்டு. அதேவேளை ஒருமுறை மூடிய பாடசாலையைத் திரும்பத் திறப்பது எவ்வளவு கடினம் என்பதும் அனுபவம். என் கருத்து இது: முஸ்லிம் பாடசாலை நிற்கட்டும், அதன் வாசல் அயலூர்ப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கட்டும். சிறுவர் சந்தைக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் இரு ஊர்ப் பெற்றோரும் வந்தால், பெரியவர்கள் கூட்டம் வைத்துச் சாதிக்க முடியாத சிலதைத் தரம் 2 பிள்ளைகள் தேங்காய் விற்றே சாதித்துவிடுவார்கள்.

இடாப்புகள் எங்கே?

வரலாற்று மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கிராமத்தின் உண்மையான சரித்திரம் பாடசாலையின் சேர்விடாப்பிலும் சம்பவத் திரட்டுப் புத்தகத்திலும் இருக்கிறது. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், தொழில், சேர்ந்த நாள் என்று அதிபர் மைக்கூட்டில் தொட்டு எழுதிய ஒவ்வொரு வரியும், இந்த மண்ணில் இன்னார் வாழ்ந்தார் என்பதற்கு அரச சாட்சி. காணி உறுதி தொலைத்தவருக்கும் அது சாட்சியாகலாம். 1990க்கும் 2009க்கும் இடையில் எத்தனையோ இடாப்புகள் எரிந்தும் நனைந்தும் அழிந்தன. எஞ்சியவை பழைய அதிபர்களின் வீட்டு அலுமாரியிலும் கல்விக் கந்தோர் மூலைகளிலும் கிடக்கலாம்.

1960களிலும் 70களிலும் அரிவரி படித்தவர்கள் இன்று புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் தண்ணீரூற்றிலுமாக வயது போய் இருக்கிறார்கள். யாரிடம் ஓதினீர்கள், யார் விரல் பிடித்து எழுதுவித்தது, பக்கத்தில் யார் இருந்தது என்ற மூன்று கேள்வியோடு அவர்களிடம் போனால் போதும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் வற்றாப்பளைப் பெயர்களும் இருக்கும். அந்தப் பெயர்களைக் கொண்டுபோய் வற்றாப்பளையிலும் அதே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அப்போதுதான் இடாப்பு முழுமையாகும்.