இடக்கையில் கமகம்: சென்னை ஒலிப்பதிவுக் கூடம் முதல் எளாவூர் மேடை வரை சின்தசைசர்

சின்தசைசரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஒலி பிறக்கும் முறையை வைத்தே காலத்தைப் பிரிக்கிறார்கள். மின்சுற்றில் அலையை எழுப்பி வடிகட்டும் அனலாக் கருவி பழையது. எண்களைக் கொண்டு ஒலியைக் கணிக்கும் டிஜிட்டல் கருவி புதியது. 1970இல் வந்த மினிமூக் ஒரு பக்கம், 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 மறுபக்கம். மேற்கத்திய இசைக்கு இந்தப் பிரிப்பு பொருந்தலாம். தமிழ்நாட்டில் இக்கருவி வாழ்ந்த வாழ்வை விளக்க அது உதவாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே கிடக்கும் சுருதிக்கு இந்தக் கருவி எப்படிப் போய்ச் சேருகிறது? அதற்கான விடை வலக்கை ஓடும் கட்டைகளில் இல்லை. கீபோர்டின் இடது ஓரத்தில், வாசிப்பவர்கள் ‘பெண்டர்’ என்று சொல்லும் சிறு சக்கரத்தில் இருக்கிறது.

இந்தக் கேள்வி சின்தசைசரோடு பிறந்ததல்ல. ஹார்மோனியம் வந்த நாளிலிருந்தே இருக்கிறது. அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. கட்டைக் கருவியில் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் வராது, அதன் சமப்படுத்திய சுருதி நம் ஸ்வரங்களோடு ஒட்டாது என்பவை அதன் மீது சொல்லப்பட்ட குற்றங்களில் முதன்மையானவை. நாடக மேடையில் ஹார்மோனியம் கோலோச்சிய அதே காலத்தில் கச்சேரி மேடை அதை ஏற்கத் தயங்கியது. அந்நியக் கருவி என்பதால் வந்த தயக்கம் அல்ல அது. வயலின் கர்நாடக இசையின் உறுப்பாகவே ஆகிவிட்டது. கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜனும், சாக்ஸபோனைக் கத்ரி கோபால்நாத்தும், மின் மாண்டலினை யு. ஸ்ரீநிவாசும் கச்சேரிக்குக் கொண்டுவந்தபோது சபைகள் அவர்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடின. இந்தக் கருவிகளில் எல்லாம் ஒலி பிறக்கும் இடத்தை வாசிப்பவரின் விரலோ உதடோ நேரடியாகத் தொடுகிறது. அழுத்தினால், இழுத்தால், இறுக்கினால் சுருதி அசையும். ஹார்மோனியக் கட்டை காற்றுக்கு வழி திறந்துவிடும், அவ்வளவுதான். பிறகு அந்த ஸ்வரத்தை அசைக்க வாசிப்பவரிடம் ஒரு வழியும் இல்லை.

மின்னொலிக் கட்டைக் கருவிகள் இந்தியத் திரையிசைக்கு வந்தபோதே இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டின. 1954இல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்தின் புகழ்பெற்ற மகுடி ஒலி மகுடியில் வாசித்ததல்ல. பிரான்சில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947இல் வடிவமைத்த கிளாவியோலினில் கல்யாண்ஜி வாசித்தது. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் வழியாக ஒரு மூக் சின்தசைசர் வந்தது. இந்தியர்கள் அதில் அரிய சோதனைகளைச் செய்தார்கள். ஆயினும் அந்த ஒலிப்பதிவுகள் வெகுகாலம் பெட்டிக்குள்ளேயே கிடந்தன; மேடை வாசிப்பவர்களுக்கு அதனால் பயன் ஏதும் சேரவில்லை. 1982இல் பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் ரோலண்டின் டிபி-303, டிஆர்-808, ஜூபிட்டர்-8 மூன்றையும் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்தார். டிபி-303இல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. பின்னாளில் உலகம் அந்த இசைத்தட்டை ஒருவகை மின்னணு நடன இசையின் முன்னோடி என்று கொண்டாடியது. கட்டைகளுக்கு நடுவே வழி தேடிய முயற்சியாகவும் அதைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

சென்னையில் இது வேறு பாதையில் போயிற்று. நிறுவனங்களோ ஆய்வுக் கூடங்களோ அல்ல, திரைப்பட ஒலிப்பதிவுதான் சின்தசைசரை ஊருக்குள் கொண்டுவந்தது. மலையாளத் திரையிசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976இல் மறைந்தபோது அவர் விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. அவர் மகன் திலீப் அந்தக் கருவிகளோடு வளர்ந்து, பல இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்து, ஏ.ஆர். ரஹ்மானாக 1992இல் ‘ரோஜா’ தந்தது எல்லோரும் அறிந்த கதை. அதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. இளையராஜாவின் குழுவில் விஜி மேனுவல் போன்றவர்கள் வாசித்த கீபோர்டும், அன்று சென்னையில் பதிவான ராஜ்–கோட்டியின் தெலுங்குப் பாடல்களில் திலீப் வாசித்த கீபோர்டும் ஒரே ஊரின் கூடங்களில் உருவானவை. 1986இல் ‘புன்னகை மன்னன்’ கணினி வழி இயங்கும் சின்தசைசர் ஒலியைத் தமிழ்க் காதுகளுக்குப் பழக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ரோலண்டு டி-50, கோர்க் எம்1 போன்றவை வந்தன. நூல்கள் இந்தப் பெயர்களை வரிசையாக அடுக்குகின்றன. அந்தக் கருவிகளில் இடக்கை என்ன செய்தது என்பதை அவை எழுதுவதில்லை.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு ஸ்வரத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஒரு கட்டைச் சுருதி. ஸட்ஜமம் ‘சி’ கட்டையில் நிற்கிறது. தோடியின் சாதாரண காந்தாரம் ‘டி ஷார்ப்’ என்னும் கறுப்புக் கட்டையில் விழும். ஆனால் தோடி பாடுகிறவர் அந்த இடத்தில் நிற்பதில்லை. சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடும் அசைவுதான் அங்கே காந்தாரம். பெரும்பாலான கீபோர்டுகளில் பெண்டரை மேலே முழுக்கத் தள்ளினால் இரண்டு அரைச்சுருதி ஏறும், கீழே இழுத்தால் இரண்டு அரைச்சுருதி இறங்கும். காந்தாரத்தை அழுத்திக்கொண்டு சக்கரத்தை இரு பக்கமும் ஓட்டினால் கீழே ரிஷபமும் மேலே மத்யமமும் அச்சாக வந்துவிடுகின்றன. தோடிக்கென்றே அளந்து வைத்தது போலத் தோன்றும். சிக்கல் ஸ்பிரிங்கில் இருக்கிறது. கையை விட்டதும் சக்கரம் நடுவுக்குத் திரும்பும். நடு என்பது அசையாத காந்தாரம், அதாவது தோடியில் நிற்கவே கூடாத இடம். தேர்ந்தவர்கள் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். பெண்டரின் வீச்சை நான்கு அரைச்சுருதியாக மாற்றிக்கொண்டு ரிஷபத்தை அழுத்தி மேலே தள்ளுகிறார்கள். அப்போது ஸ்பிரிங் திரும்பும் இடம் ரிஷபமாக அமைந்து ராகத்தின் போக்கோடு ஒத்துப்போகிறது. ஆனால் சக்கரம் நகரும் தூரம் அதேதான், அது கடக்கும் சுருதியோ இரண்டு மடங்கு. விரல் மயிரிழை பிசகினாலும் காது காட்டிக்கொடுத்துவிடும்.

கருவியின் உட்புறமும் இதில் பங்கு கொள்கிறது. மின்னிசைக் கருவிகளை இணைக்க 1983இல் வந்த மிடி முறைப்படி பெண்டரின் முழு வீச்சை 16,384 படிகளாகப் பிரிக்கலாம். அப்படிப் பிரித்தால் எந்தக் காதுக்கும் படி தெரியாது. 128 படிகளோடு நிறுத்திக்கொள்ளும் கருவியில் கதை வேறு. நான்கு அரைச்சுருதி வீச்சில் ஒவ்வொரு படியும் ஆறு சென்ட்டுக்கு மேல், அதாவது ஓர் அரைச்சுருதியில் பதினாறில் ஒரு பங்கு. ஜாரு என்னும் மெதுவாக ஏறும் வழுக்கலில் அது படிக்கட்டாகக் கேட்கும்.

பழையது, புதியது என்ற மதிப்பீடு தலைகீழாவது டோன் விஷயத்தில்தான். இன்றைய கீபோர்டில் ‘நாதஸ்வரம்’ என்று ஒரு டோனை அழுத்தினால் உண்மையான நாதஸ்வரத்தின் பதிவு ஒலிக்கிறது. முதல் கணத்தில் மயக்கும் ஒலி அது. ஆனால் பதிவுசெய்தபோது வித்வான் ஊதிய அசைவும் அதனுள் உறைந்திருந்தால், எந்த ராகமானாலும் அதே அசைவுதான் வரும். பெண்டரால் அதை மேலே தள்ளும்போது பெரும்பாலான கருவிகளில் அந்த அசைவின் வேகமும் சேர்ந்து கூடிவிடுகிறது. பழைய அனலாக் கருவியின் வெற்று அலையில் இப்படி எதுவும் கிடையாது. வறண்ட ஒலிதான், ஆனால் கை சொன்னதை மட்டும் கேட்கும். மினிமூக்கில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும் என்பதை மேற்கே குறையாகச் சொன்னார்கள். ஒற்றை இழையில் ஓடும் நம் இசைக்கு அது ஒரு குறையே அல்ல. ராகம் வாசிக்க எந்தக் கருவி வேண்டும் என்று கேட்டால், ஆயிரம் டோன் கொண்ட புதியதைவிட இந்த வெற்று அலைக் கருவியையே நான் கைகாட்டுவேன்.

கட்டைகளுக்கு நடுவே போக வழி உண்டு என்பதற்கு இரண்டு சாட்சிகள் போதும். கீபோர்டு சத்யா என்று அறியப்படும் சத்யநாராயணன் சிறுவயது முதல் கீபோர்டில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்துவருகிறார். அவர் வலக்கை கட்டைகளில் ஓட, இடக்கை பெண்டரிலேயே குடியிருக்கும். ரஹ்மான் இன்னொரு வழியில் போனார். லிப்போல்ட் ஹேக்கன் உருவாக்கிய கன்டினுவம் என்ற, கட்டைகளே இல்லாத பலகையை எடுத்து, 2009இல் வந்த ‘டெல்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலின் இறுதியில் விரலை வழுக்கி வாசித்தார். ஒருவர் கட்டைக் கருவிக்குள்ளேயே கமகத்தைக் கண்டார். மற்றவர் கட்டையை நீக்கிவிட்டார். வானொலி 1940இல் எழுப்பிய கேள்விக்கு இரண்டும் தக்க விடைகள்.

இனி எளாவூர். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கத்துக்கு முன்னால், கொல்கத்தா நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடிக்காக லாரிகள் வரிசைகட்டும் ஊர். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். சிப்காட் தொழில் வளாகத்தின் ஷிப்டுகளைச் சுற்றியே இப்பக்கத்து நாட்கள் சுழல்கின்றன. ஆடி மாதம் கூழ் வார்த்த இரவுகளில் அம்மன் கோயில் வாசலில் மேடை கட்டி, ஜெனரேட்டர் ஓட, இன்னிசைக் கச்சேரி நடக்கும். எல்லையோர மேடை என்பதால் தமிழ்ப் பாட்டுக்குப் பின் தெலுங்குப் பாட்டும் வரும். இரண்டு மொழிப் பாட்டும் ஒரு காலத்தில் ஒரே கோடம்பாக்கத்துக் கூடங்களில் பதிவானவை என்பதால், கீபோர்டு வாசிப்பவர் கையை மாற்ற வேண்டியதில்லை.

அந்த மேடையில் அவர் வேலை கடினமானது. வயலின் குழு, புல்லாங்குழல், நாதஸ்வரம் எல்லாம் அவர் ஒருவரே. பாட வந்தவர் மைக்கைப் பிடித்தபடி திரும்பி, “அண்ணா, அரைக் கட்டை எறக்கிக் குடுங்க” என்கிறார். டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒருமுறை தட்டினால் முடிந்தது. இந்தப் பொத்தானைச் சோம்பேறிகளின் துணை என்று ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. நான் அதை ஒப்பவில்லை. எந்தச் சுருதியிலும் ஸட்ஜமம் ஒரே கட்டையில் நிற்பதால்தான் எந்த ஸ்வரத்துக்குப் பெண்டரை எவ்வளவு தள்ளுவது என்பது கைக்குள் படிந்து தங்குகிறது. சுருதிக்குச் சுருதி விரலை மாற்றிய ஹார்மோனியக்காரருக்கு இல்லாத நிலைத்த இடம் இது. இடக்கையின் கமகப் பயிற்சி அதன் மீதுதான் நிற்கிறது.

மேடைக் கீபோர்டுக்கு எதிராகச் சொல்லத் தக்கது ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கீபோர்டில் ஏற்றிவந்த ஸ்டைலும் லூப்பும் ரிதம் பேடும் மேடையிலிருந்து மனிதர்களை இறக்கியிருக்கின்றன. வட தமிழ்நாட்டு அம்மன் வழிபாட்டின் உயிர் பம்பையும் உடுக்கையும். அந்த ஒலி இப்போது பேடில் குச்சி பட்டதும் கிடைக்கிறது. சாமி ஆடுகிறவரின் மூச்சைப் பார்த்துப் பம்பைக்காரர் காலத்தை நெருக்குவார். லூப் அப்படி நெருக்காது. இந்த இழப்பு எனக்கு வலிக்கிறது. ஆயினும் குற்றத்தைச் சரியான பாகத்தின் மீது சுமத்த வேண்டும். ஒலியை முன்கூட்டியே உறைய வைத்து விற்கும் டோனும் ஸ்டைலும் செய்த வேலை இது. பெண்டர் அதற்கு நேர் எதிரானது; வாசிப்பவர் கை வைத்தாலன்றி அதிலிருந்து எதுவும் வராது.

ஆகவே ஆய்வாளர்கள் பார்க்க வேண்டிய ஆவணம் ஒன்று நம் ஊர்களில் கேட்பாரற்றுக் கிடக்கிறது: பழைய கீபோர்டுகளின் பெண்டர். சக்கரத்துக்கு அடியிலுள்ள கார்பன் தடம் கை அதிகம் போன இடத்தில் தேயும். தேய்ந்த இடத்தில் சுருதி குதிக்கும். விவரம் தெரிந்தவர் பழைய கீபோர்டை வாங்கப் போனால் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெல்ல ஓட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். மேல் பாதி மட்டும் தேய்ந்த தடமும், இரு பாதியும் சமமாகத் தேய்ந்த தடமும் வெவ்வேறு வாசிப்பு முறைகளைச் சொல்கின்றன. ஒலிப்பதிவில் பிடிபடாத மேடை வாசிப்பின் சுவடு அதில் இருக்கிறது. பழைய கருவிகளைச் சேகரிப்பவர்கள் அந்தப் பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்திவிடுகிறார்கள்.

இன்னொரு கோரிக்கை தொழிற்சாலை சார்ந்தது. யமஹா 2019 முதல் சென்னைக்கு அருகிலேயே கீபோர்டுகளைத் தயாரிக்கிறது. அதன் ‘பிஎஸ்ஆர்-ஐ’ வரிசையில் இந்திய டோன்களும் தாளங்களும், சில மாடல்களில் தம்புரா, தபலாவோடு பயிற்சி செய்யும் வசதியும், பெண்டரும் உண்டு. ஆனால் பிஎஸ்ஆர்-எஃப்51 போன்ற தொடக்கநிலைக் கருவியில் பெண்டர் கிடையாது. எளாவூரில் ஒரு பிள்ளைக்கு முதல் கீபோர்டு வாங்கித் தரும் குடும்பத்தின் கைக்கு எட்டுவது பெரும்பாலும் அந்த விலைக் கருவிதான். அதில் படிக்கும் பிள்ளை, பழகும் ஆண்டுகள் முழுவதும் இடக்கையைக் கார்டு பிடிக்க மட்டுமே பயன்படுத்தும். அதற்குக் கிடைத்திருப்பது நூற்றுக்கு மேற்பட்ட டோன் கொண்ட ஒரு ஹார்மோனியம். பெண்டரை வசதிபடைத்த மாடலின் கூடுதல் அம்சமாக வைத்திருப்பது மேற்கத்திய இசைப் பாடத்தை மனதில் கொண்ட கணக்கு. தமிழ்நாட்டில் செய்து தமிழ்நாட்டில் விற்கும் கருவியில் இந்தச் சக்கரம் முதல் விலைப்படியிலேயே இருக்க வேண்டும். வீச்சை மாற்றும் வசதியும் அதனோடு வர வேண்டும்.