புதிய குளங்களுக்குத் தடை, பழைய குளங்களுக்கு விலக்கு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் கிழக்கே அமைந்துள்ள டூப்ளின் மாவட்டத்தில் சுமார் 50 ஆயிரம் மக்கள் வாழ்கின்றனர். அங்கு வளர்க்கப்படும் பன்றிகளோ 20 இலட்சம் அளவிலானவை. ஒருவருக்கு நாற்பது பன்றிகள் என்ற இவ்விகிதத்தில், அவற்றின் கழிவு எங்கு போய்ச் சேருகின்றது என்ற கேள்வி மூன்று தசாப்தங்களாக அம்மாநிலத்தை அலைக்கழித்து வருகின்றது. பெரும் கால்நடைப் பண்ணைகளைச் சட்டத்தினால் கட்டுப்படுத்த முயலும் எந்த அரசும் இவ்வனுபவத்தை ஊன்றிக் கவனிப்பது பயனுள்ளது என நாம் கருதுகின்றோம்.

எருவை நிலத்துக்கு இடுவதில் தவறேதுமில்லை. அளவிலேயே சிக்கல் உள்ளது. ஆயிரக்கணக்கான பன்றிகள் அடைக்கப்பட்ட கொட்டில்களின் கழிவு நீரினால் அடித்துச் செல்லப்பட்டுத் திறந்த மண்குளங்களில் தேக்கப்படுகின்றது. பின்னர் அது அயலிலுள்ள வயல்களிலும் புல்வெளிகளிலும் விசிறப்படுகின்றது. பயிர் உறிஞ்சக்கூடிய அளவை மீறினால், நைதரசனும் பொஸ்பரசும் நிலத்தடி நீரையும் ஆறுகளையும் சென்றடைகின்றன.

1995 ஜூன் மாதத்தில் ஒன்ஸ்லோ மாவட்டத்தில் இத்தகைய குளமொன்றின் அணை உடைந்து, சுமார் 9 கோடி லீற்றர் கழிவு நியூ ஆற்றில் கலந்தது. மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. அதன் பின்னரே மாநில சட்டசபை விழித்துக்கொண்டது. புதிய பண்ணைகள் வீடுகளிலிருந்து 1500 அடியும் பாடசாலை, வைத்தியசாலை, தேவாலயம் ஆகியவற்றிலிருந்து 2500 அடியும் விலகியிருக்க வேண்டுமென அவ்வருடமே விதிக்கப்பட்டது. திரவக் கழிவைக் கையாளும், 250 அல்லது அதற்கு மேற்பட்ட பன்றிகளைக் கொண்ட பண்ணைகளுக்கு அனுமதிப்பத்திரமும் வருடாந்தப் பரிசோதனையும் கட்டாயமாகின. 1997 இல் புதிய பண்ணைகளுக்கு இடைக்காலத் தடை வந்தது. ஆனால் ஒரு தசாப்தத்துக்கு முன்னர் 25 இலட்சம் அளவில் இருந்த பன்றிகளின் தொகை அதற்குள் ஒரு கோடியை நெருங்கிவிட்டிருந்தது. பலமுறை நீடிக்கப்பட்ட அத்தடை, 2007 இல் புதிய கழிவுக் குளங்களுக்கான நிரந்தரத் தடையாக மாறியது.

இங்கேதான் சட்டத்தின் பெரும் ஓட்டை உள்ளது. ஏற்கனவே இருந்த குளங்களை அத்தடை தொடவில்லை. மூவாயிரத்துக்கும் அதிகமானவை இன்றும் பயன்பாட்டில் உள்ளன. மாற்று வழி தேடப்படவில்லை எனவும் கூறிவிட முடியாது. 2000 ஆம் ஆண்டில் மாநில சட்டமா அதிபருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஸ்மித்ஃபீல்ட் நிறுவனம் பல்கலைக்கழக ஆய்வுக்கென 1 கோடியே 50 இலட்சம் டொலரை வழங்கியது. மேலான தொழில்நுட்பங்கள் கண்டறியப்பட்டன. ஆயினும் பழைய பண்ணைகளுக்கு அவை கட்டுப்படியாகா என முடிவு செய்யப்பட்டதால், மாற்றும் கடப்பாடு எவர் மீதும் விழவில்லை. அயலவர்கள் சுமக்கும் செலவு அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

1999 இல் ஃபுளோய்ட் சூறாவளியின்போது பல குளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அதன் பின் வெள்ளச் சமவெளியிலிருந்த 43 பண்ணைகளை அரசு விலை கொடுத்து மூடியது. எமது பார்வையில் இவ்வரலாற்றின் உருப்படியான நடவடிக்கை இதுவே. எனினும் 2018 இல் ஃபுளோரன்ஸ் சூறாவளி வீசியபோது மேலும் பல குளங்கள் நிரம்பி வழிந்தன. சூறாவளி எச்சரிக்கை விடுக்கப்பட்டு நான்கு மணித்தியாலங்களுக்குள் விசிறலை நிறுத்த வேண்டுமென அனுமதிப்பத்திர நிபந்தனை கூறுகின்றது. மழைக்கு முன்னர் குளத்தைத் தாழ்த்த வேண்டிய தேவை விவசாயிக்கு அதிகரிப்பதும் அதே வேளையிலேதான்.

துர்நாற்றத்தினால் பாதிக்கப்பட்ட அயலவர்கள் நீதிமன்றத்தை நாடினர். அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பின மக்களாவர். 2018 இல் யூரர் சபையொன்று பத்துப் பேருக்கு 5 கோடி டொலருக்கும் அதிகமான நட்டஈட்டை விதித்தது. மாநில சட்டத்தின் உச்சவரம்பினால் அது 32 இலட்சத்து 50 ஆயிரம் டொலராகக் குறைந்தது. 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பொறுப்பை உறுதி செய்தது. இதனிடையே, ஆளுநரின் வீட்டோவையும் மீறி 2018 இல் சட்டசபை நிறைவேற்றிய சட்டத்தின்படி, அரை மைல் தூரத்துக்குள் சொத்துள்ளவரே வழக்குத் தொடரலாம். அதுவும் பண்ணை தொடங்கி அல்லது அடிப்படையில் மாற்றமடைந்து ஓராண்டுக்குள் தொடர வேண்டும். பெரும்பாலான பண்ணைகள் 1997 க்கு முந்தியவை என்பதை நினைவிற்கொண்டால் இதன் பொருள் விளங்கும்.

பன்றிகளை நோக்கியே கண்கள் திரும்பியிருந்த காலத்தில் கோழிப் பண்ணைகள் பெருகிவிட்டன. அவற்றின் கழிவு உலர்ந்தது என்பதால், விண்ணப்பிக்காமலேயே அனுமதி பெற்றவையாகச் சட்டம் அவற்றைக் கருதுகின்றது. வழமையான பரிசோதனை கிடையாது. அவை எங்கெங்கு அமைந்துள்ளன என்ற முழுமையான பட்டியலும் மாநில சுற்றாடல் திணைக்களத்திடம் இல்லை.